இரண்டாவது குண்டுக்கு ஆணையிட்டவர் யார்?

அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன், அணுகுண்டு வீச இருமுறை ஆணையிட்டார் என்றே மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். ஆவணங்கள் காட்டும் உண்மை வேறு.

1945 ஏப்ரல் 12-இல் அதிபர் ரூஸ்வெல்ட் மறைந்தார். அவருக்குப்பின் பதவியேற்ற ட்ரூமனுக்கு அணுகுண்டுத் திட்டம் முழுமையாக விளக்கப்பட்டது ஏப்ரல் 25-இல்தான். ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனை வெற்றி பெற்றது. ஜூலை 25-இல் படைத்துறையின் எழுத்தாணை பிறந்தது. ஹிரோஷிமா, கோக்குரா, நீகாட்டா, நாகசாக்கி ஆகிய நகரங்களைக் குறிப்பிட்ட அவ்வாணை, அடுத்த குண்டுகளும் ஆயத்தமானவுடன் வீசப்பட வேண்டும் என்றது.

ஆகவே, ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமா அழிந்தபின் மறு ஆணை தேவைப்படவில்லை. ஆகஸ்டு 9-இல் முதல் இலக்கான கோக்குரா, மேகமும் புகையும் மறைத்ததால் தப்பியது, நாகசாக்கி எரிந்தது.

மறுநாள்தான் ட்ரூமன் குறுக்கிட்டார். அதிபரின் அனுமதியின்றி இனிக் குண்டு வீசலாகாது என்றார். மேலும் ஓர் இலட்சம் பேரை அழிப்பது கொடிது என்று கூறிய அவர், குழந்தைகளையும் நினைந்து வருந்தியதாக, அமைச்சர் ஹென்றி வாலஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

சயாம் மரண இரயில் பாதையில் உறவுகளைப் பறிகொடுத்த மலாயாத் தமிழர்க்குப் போரின் முடிவு விடுதலையே. நாகசாக்கிக் குழந்தைகளின் சாவும் மறுக்கவியலாதது. ஆசிரியர்களே, பெற்றோர்களே, இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சரியா, தவறா என வாதிடுமுன், யார், எப்பொழுது, எதை முடிவு செய்தார் எனக் கேட்கப் பழக்குவோம். தடுக்க ஒருவர் முன்வராவிடில், ஒருமுறை இட்ட ஆணை தானே தொடரும்.