லண்டன் பஸ் தாத்தாவும் 204-ஆம் நம்பர் பஸ்ஸும்

எங்க அம்மாவைப் பெத்த தாத்தாவுக்கு ஊருல ஒரு பட்டப்பேரு உண்டு. 'லண்டன் பஸ்'. திருவாரூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். தாத்தா லண்டனுக்கெல்லாம் போனதில்லை, போனது பினாங்கு. 1950-ல் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி, அங்கே ஆயர் ஈத்தாம்-ங்கிற இடத்துல ஒரு மளிகைக்கடையில பன்னிரண்டு வருஷம் வேலை பாத்துட்டு, 1962-ல் ஊர் திரும்பினவர். திரும்பி வந்ததும் திண்ணையில உக்காந்து அவர் சொன்ன கதைகள்ல ஒண்ணு இது: "அங்க ஒரு பஸ்ஸு ஓடும். மேல ரெண்டு கம்பி. கீழ ரப்பர் சக்கரம். டீசலும் கிடையாது, பொகையும் கிடையாது, பூனை மாதிரி வரும். அதுல சிலது மாடி பஸ்ஸு. அது லண்டன்லேர்ந்து கொண்டாந்தது."

ரயில்னா தண்டவாளம், பஸ்ஸுன்னா டீசல். ரெண்டுமில்லாம கம்பியில ஓடுற பஸ்ஸா? அதுவும் லண்டன்லேர்ந்தா? "மாமா நல்லாவே புளுகுறாரு"ன்னு ஊரே சிரிச்சது. அதோட அவர் பேரு லண்டன் பஸ் ஆகிப்போச்சு. 1988-ல் சாகுற வரைக்கும் அந்தப் பேரு போகலை.

அம்மாவுக்கு இது சிரிப்பு விஷயம் இல்லை. அவர் கப்பலேறும்போது அம்மாவுக்கு ரெண்டு வயசு, திரும்பி வந்தப்போ பதினாலு. நடுவுல ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனார். அப்பா இல்லாத அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பதிலா அம்மாவுக்குக் கிடைச்சது இந்தக் கதைகள்தான். அதையும் புளுகுன்னு சொன்னா?

இனி 2017-க்கு வருவோம். சிங்கப்பூர்ல வேலை பாக்குற எனக்கு, அம்மா வந்திருந்த சமயம் பாத்து, ஒரு சொகுசுக் கப்பல்ல சல்லிசா டிக்கெட் கிடைச்சது. வழியில பினாங்குல ஒரு பகல் நிக்கும். காலை பத்து மணிக்கு இறங்கலாம், சாயங்காலம் அஞ்சுக்குள்ள திரும்பிடணும். (கப்பல் சாப்பாட்டைப் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். இப்போ வேண்டாம், வயிறு எரியும் :-))

இறங்குற இடம் ஸ்வெட்டன்ஹம் துறை. அப்போ ஆளுநரா இருந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹம் பேர்ல 1904-ல் திறந்தது. அதுக்கு முன்னாடி பெரிய கப்பல்கள் எல்லாம் கடல்கால்ல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளும் சரக்கும் படகுல கரைக்கு வரும். துறை வந்தப்புறம் கப்பல் நேரா வந்து அணைஞ்சது. ஆனா எல்லாருக்கும் அந்த சௌகரியம் உடனே கிடைச்சிடலை. போருக்கு முந்தின தலைமுறையில நம்ம ஊர்லேர்ந்து தளத்துல படுத்துப் போன கூலி ஆட்களை ஜெரஜாக் தீவுல இறக்கி, காலரா அம்மை இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் ஊருக்குள்ள விட்டாங்க.

இந்தத் தண்ணியில இன்னொரு விருந்தாளியும் வந்து போயிருக்கார். நம்ம எம்டன்! 1914 செப்டம்பர் 22-ல் சென்னையில குண்டு போட்டுட்டு ஓடின அதே ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28 விடிகாலையில பினாங்குக்குள்ள புகுந்து ஜெம்சுக்-ங்கிற ரஷ்யப் போர்க்கப்பலை முழுகடிச்சது. ரஷ்யக் கப்பலோட கேப்டன் அப்போ கப்பல்லயே இல்லை, கரையில இருந்தார். கரையில இறங்கினா நேரத்துக்குத் திரும்பணும்-ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது :-)

வெளியே வந்தா விக்டோரியா ராணி மணிக்கூண்டு. ராணி ஆண்ட 60 வருஷத்துக்கு 60 அடி. ரெண்டாம் உலகப்போர் குண்டுவீச்சுல லேசா சாஞ்சது, இன்னும் சாஞ்சபடியே நிக்குது. அதுக்கு முன்னாலயே டாக்ஸிக்காரங்க வளைச்சுக்கிட்டாங்க. ஒரு தமிழ்க்காரர், "வாங்க பாஸ், கொடிமலை, கெக் லோக் சி, தண்ணீர்மலைக் கோயிலு, எல்லாம் சுத்திக் காட்டி மூணு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுடறேன். இருநூறு வெள்ளி." நல்ல மனுஷன்தான், அம்மாவுக்குக் குடையெல்லாம் பிடிச்சார். ஆயர் ஈத்தாம் போயிட்டு வர மட்டும் எவ்வளவுன்னு கேட்டேன். எண்பது வெள்ளின்னார். மீட்டர் போடுவீங்களான்னு கேட்டதுக்கு சிரிச்சார்.

அம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. "டேய், தாத்தா டாக்ஸியிலயா போனாரு? பஸ்ல போவோம்டா."

சரின்னு நடந்தோம். வெல்ட் கீ-ங்கிற கடலோரச் சாலையில தெற்கே பத்து நிமிஷம் நடந்தா படகுத்துறை, அதை ஒட்டியே பஸ் நிலையம். பினாங்குக்காரங்க வெறுமனே 'ஜெட்டி'ன்னு சொல்றாங்க. போற வழியில கூம்பு வச்ச ஒரு அழகான கட்டடம் வரும், இப்போ சுங்க இலாகா அலுவலகம். 1907-ல் ரயில் நிலையமாகவே கட்டினது. ஆனா அங்கே ரயில் வந்ததே கிடையாது! தண்டவாளம் எல்லாம் எதிர்க்கரையில, பட்டர்வொர்த் பக்கம். இங்கே டிக்கெட் வாங்கிக்கிட்டு படகுல போய் அங்கே ரயில் ஏறணும்.

பஸ் நிலையம் ஏன் இந்த மூலையில இருக்குன்னு அப்போதான் புரிஞ்சது. சொகுசுக் கப்பல்ல வர்றவங்களுக்காக யாரும் இதைக் கட்டலை. 1985-ல் பாலம் திறக்கிற வரைக்கும் பினாங்குத் தீவுக்குள்ள வர்ற சனம், சரக்கு, வண்டி எல்லாமே படகுலதான் வந்தாகணும். படகு வந்து சேர்ற இடத்துலதான் அந்தத் தீவோட எல்லா வழியும் ஆரம்பிக்கும். கப்பல்ல வர்ற நமக்கு அது பக்கத்துல அமைஞ்சது ஓசியில கிடைச்ச அதிர்ஷ்டம்.

நாங்க ஏறினது 204. ஆளுக்கு ரெண்டு வெள்ளி. சில்லறை கரெக்டா இருக்கணும், உண்டியல்ல போட்டா பாக்கி வராது. நான் அஞ்சு வெள்ளியைப் போட்டு ஒரு வெள்ளி நஷ்டப்பட்டேன்-ங்கிறதை இங்கே பதிவு செஞ்சுக்கறேன்.

இந்த வழிக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கு. 1880-கள்லயே கடற்கரையிலேர்ந்து ஆயர் ஈத்தாமுக்கு நீராவி டிராம் ஓடியிருக்கு. 'ஆயர் ஈத்தாம்'னா மலாய்ல கருப்புத் தண்ணி. மலையடிவாரத்துல தோட்டமும் சந்தையும் இருந்த இடம், பட்டணத்துக்குக் காய்கறியும் பழமும் வர்ற வழி. 1906-ல் நீராவி போய் மின்சார டிராம் வந்தது, நகராட்சியே நடத்தினது. நம்ம சென்னையில 1895-லயே மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சாச்சு, அதனால அதுல நமக்கு ஒண்ணும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடுத்தது.

1925-ல் பினாங்கு நகராட்சி டிராலிபஸ் விட்டது. சிங்கப்பூருக்கு ஒரு வருஷம் முன்னாடி! டிராமுக்கு மேல ஒரு கம்பி போதும், மின்சாரம் சக்கரம் வழியா இரும்புத் தண்டவாளத்துல இறங்கித் திரும்பிடும். டிராலிபஸ்ஸுக்கு ரப்பர் சக்கரம், தண்டவாளம் கிடையாது. அதனால மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. மேல ரெண்டு கம்பி! தண்டவாளம் தேஞ்சா மாத்துற செலவு இல்லை, சத்தம் இல்லை. பத்து வருஷத்துல டிராமை ஓரங்கட்டிடுச்சு. 1936-ல் பினாங்குல கடைசி டிராமும் நின்னது. தாத்தா போய் இறங்கினப்போ ஆயர் ஈத்தாம் வழியில ஓடினது டிராலிபஸ்தான்.

சென்னையில டிராலிபஸ் ஓடினதே கிடையாது. டெல்லியில ஓடிச்சு, பம்பாய்ல கொஞ்ச காலம் ஓடிச்சு. திருவாரூர் பக்கத்து சனம் எங்கே போய் அதைப் பாத்திருக்கும்? கம்பியில ஓடுற பஸ்ஸுன்னு சொன்னா சிரிக்காம என்ன செய்யும்?

லண்டன் சமாசாரம்? இங்கிலாந்துல டிராலிபஸ்ஸுக்குன்னே உயிரை விடுற ரசிகர் கூட்டம் ஒண்ணு இருக்கு. எந்த வண்டி எந்த வருஷம் எந்த ஊருக்கு வித்ததுன்னு ஜாதகம் மாதிரி கணக்கு வச்சிருக்காங்க. லண்டன் தன் டிராலிபஸ்களைக் கழிச்சுக் கட்ட ஆரம்பிச்ச சமயம், பினாங்கு அதுல சில மாடி பஸ்களை வாங்கியிருக்கு. 1956. தாத்தா அங்கே ஆறாவது வருஷமா இருந்தப்போ. பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி ராத்திரி ஒரு மணிக்கு இதைப் படிச்சுட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசலை. எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து படுத்துக்கிட்டாங்க.

204 மெதுவா ஊர்ந்து கொம்தார் கோபுரத்தைத் தாண்டி டத்தோ கிராமாட் சாலையில திரும்பிச்சு. எனக்குத் தெரிஞ்சவரை பழைய டிராம் வழியை ஏறக்குறைய அப்படியே பிடிச்சுக்கிட்டுதான் போகுது. நீராவி, மின்சாரம், கம்பி, டீசல்னு வண்டி மாறிச்சே தவிர, வழி மாறலை. நான் கடைகளோட பெயர்ப் பலகையைப் பாத்துட்டு வந்தேன். அம்மா வழி முழுக்க ஜன்னல்ல தலையைச் சாய்ச்சு மேலேயே பாத்துட்டு வந்தாங்க.

மேல ஒண்ணும் இல்லை. 1961-ல் டிராலிபஸ்ஸை நிறுத்திட்டாங்க. டீசல் பஸ் போதும், எங்கே வேணா திரும்பும், கம்பி பராமரிப்புச் செலவு மிச்சம்னு உலகம் பூரா அந்தக் காலத்துல செஞ்ச அதே கணக்கு. "கம்பி வண்டிய நிப்பாட்டிட்டாங்க, அடுத்த வருசம் நானும் வந்துட்டேன்"னு தாத்தா சொல்வாராம். அப்புறம் பல காலம் நகராட்சி பஸ்ஸோட தனியார் கம்பெனி பஸ்களும் கலரைச் சொல்லி அடையாளம் காட்டுற மாதிரி ஓடிச்சு: மஞ்ச பஸ், நீல பஸ், பச்ச பஸ். கார் பெருகப் பெருக பஸ் நொடிச்சுப் போய், 2007-ல் ரேப்பிட் பினாங்கு வந்துதான் மறுபடி ஒழுங்காச்சு. துறைமுக வாசல்ல டாக்ஸி ராஜ்யம் வளர்ந்ததுக்கு அந்த நொடிச்ச வருஷங்களும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

ஆயர் ஈத்தாம் சந்தையில இறங்கினோம். தாத்தா வேலை பாத்த கடை எதுன்னு தெரியாது. பேரும் யாருக்கும் ஞாபகம் இல்லை. அம்மா தேடவும் இல்லை. சந்தை ஓரமா ஒரு மணி நேரம் நடந்தாங்க, ஒரு கடையில கருவாட்டை முகர்ந்து பாத்தாங்க, மேலே தெரிஞ்ச கெக் லோக் சி கோயிலை ஒரு கும்பிடு போட்டாங்க. அவ்வளவுதான்.

திரும்பும்போதுதான் வயித்துல புளி கரைச்சது. மூணே கால் மணிக்கு ஏறின பஸ் சந்தையைத் தாண்டவே இருபது நிமிஷம். கப்பல்காரங்க நடத்துற சுற்றுலாவுல போயிருந்தா தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், நம்ம இஷ்டத்துக்குப் போனா காத்திருக்காது. இறங்கி டாக்ஸி பிடிக்கலாமான்னு எழுந்தேன். முன் சீட்டுல இருந்த தமிழ் அம்மா ஒருத்தங்க, "தம்பி, டாக்ஸிக்கு மட்டும் ரோடு தனியா போட்டிருக்கா? உக்காருங்க. கொம்தார்ல இறங்கி நடங்க, ஜாம் அங்கதான் ஜாஸ்தி"ன்னாங்க. சரிதான். எண்பது வெள்ளி குடுத்திருந்தாலும் அதே பஸ்ஸுக்குப் பின்னாடிதான் நின்னிருப்போம். யாராவது போறதா இருந்தா, திரும்ப மட்டும் ஒண்ணரை மணி நேரம் ஒதுக்குங்க.

நாலு இருபதுக்கு கொம்தார்ல இறங்கி பினாங்கு ரோட்டுல நடந்தோம். சூலியா தெரு முக்குல, தார் ரோட்டுக்கு நடுவுல இரும்பு பளபளன்னுச்சு. பழைய டிராம் தண்டவாளம்! தாருக்கு அடியில புதைஞ்சு கிடந்ததைத் தோண்டி வெளியே தெரியும்படி விட்டு வச்சிருக்காங்க. அம்மா நின்னுட்டாங்க.

"இது அப்பா போன வண்டியோடதாடா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, இது அதுக்கும் முந்தினது. தாத்தா வந்தப்போ இதுமேல தார் போட்டிருப்பாங்க. அவரு இதுமேலதான் போயிருப்பாரு"ன்னேன். அம்மா செருப்பைக் கழட்டிட்டு அந்த இரும்பு மேல கால் வச்சாங்க. பின்னாடி ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடிச்சான்.

ரெண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க நடந்து, கப்பல் ஏறும்போது மணி நாலு ஐம்பத்திரண்டு. நான் நேரா ஐஸ் தண்ணி இருக்கிற பக்கம் ஓடினேன். திரும்பி வந்து பாத்தா, அம்மா மேல்தளத்துல நின்னுக்கிட்டு, கரை சிக்னல் போறதுக்குள்ள ஊருக்கு போன் போட்டுப் பேசிட்டிருக்காங்க. எதிர்முனையில அத்தை மகன், அதாவது தாத்தாவுக்கு அந்தப் பட்டப்பேரு வச்ச ஆசாமி.

"ஆமாண்ணே, லண்டன்லேர்ந்து வந்தது நெசந்தானாம். அம்பத்தாறுல. கம்பி ரெண்டாம்ண்ணே, ஒண்ணு இல்ல, ரெண்டு..."