திருநர் மருத்துவ நலம்

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலின அடையாளம் கொண்டோருக்கான உளவள ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, தொடர் கவனிப்பு ஆகியவற்றின் தொகுப்பு. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்கும் வழிசெய்தது. உச்ச நீதிமன்றத்தின் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்குத் தீர்ப்பு (2014) தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுத் திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் மருத்துவச் சேவையை அரசுகளின் கடமையாக்கியது. ஆயினும் பாலின அடையாளத்துக்கு மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது, நால்சா தந்த உரிமையைச் சுருக்கிய குறையே. அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்கு உயிர்காக்கும் தேவையின்றிப் பாலின அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடைசெய்யப் பணித்தது. 2021இல் சுஷ்மா வழக்கில் அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தை மாற்ற முயலும் போலிச் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் உண்டு, தமிழ்நாட்டு வாரியத்தின் ஆளுகை அங்கு இல்லை.