கைப்பக்குவம் கற்ற இயந்திரம்

‘பாண்’ என்ற சொல்லை நாம் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். ஜப்பானியரும் அவர்களிடமிருந்தே அதைப் பெற்று, இன்றும் ‘பன்’ என வழங்குகின்றனர். 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1543 இல் ஜப்பானை அடைந்தனர். மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, பாணாகச் சுட்டெடுக்கும் வீட்டுக் கருவியும் பின்னாளில் அந்த ஜப்பானிலிருந்தே வந்தது.

புலம்பெயர்ந்த நம்மவர் பலரின் சமையலறைகளில் இன்று இக்கருவி உண்டு. அதன் பிறப்பு வரலாற்றை, நொனாகா, தகேயுச்சி என்னும் இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1995 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளனர்.

1985 இல் ஒசாகா மாகாணத்தின் மட்சுஷிட்டா நிறுவனம் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தது. ஆனால் பாணின் மேற்புறம் கருகியது, உட்புறம் வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே படம் பிடித்து ஒப்பிட்டும் விடை கிடைக்கவில்லை. அப்போது அந்நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநரான இகுகோ தனாகா என்ற பெண்மணி ஒரு வழி சொன்னார். ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் பாண் அந்நகரில் பெயர் பெற்றது. அதன் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் அவரே தொழில் பழகச் சென்றார். அந்தக் கலைஞர் மாவை இழுக்கும்போது கூடவே முறுக்கவும் செய்கிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த முறுக்கலைப் பெறுவதற்காகவே கருவியினுள் சிறு விலாவெலும்புகள் போன்ற புடைப்புகள் அமைக்கப்பட்டன. 1987 பெப்ரவரியில் அது 36,000 யென் விலையில் சந்தைக்கு வந்தது.

இதை வாசித்தபோது எங்கள் அச்சுக்கூடங்கள் என் நினைவுக்கு வந்தன. ஈய எழுத்துகளைப் பாராமலே பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர்களின் விரல்களுக்கு எத்தனையோ நுட்பங்கள் தெரிந்திருந்தன. கணினி வந்தபோது அவர்களிடம் கற்க எவரும் செல்லவில்லை. அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்த அறிவும் அவர்களோடு போயிற்று.

கையின் வித்தையைக் கற்ற கருவிக்குப் பொறுமையைக் கற்க மேலும் காலம் தேவைப்பட்டது. புளித்த மாவைக் கொண்டு செய்யும் பாணில் காற்றிலும் தானியத்திலும் உள்ள இயற்கையான ஈஸ்ட்டும், புளிப்பைத் தரும் பக்டீரியாக்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. நம் முன்னோர் கள்விட்டு அப்பமாவைப் புளிக்க வைத்ததும் இவ்வாறான நுண்ணுயிர்களை நம்பியே. கடையில் வாங்கும் ஈஸ்ட்டின் வேகம் இவற்றுக்கு இல்லை. சாதாரண பாணுக்கு நான்கு மணி நேரம் போதும் என வகுக்கப்பட்ட கருவியில், புளித்த மா பொங்கி முடியுமுன்பே சூடேறிவிடும். ஆகவே பின்னர் வந்த ஜப்பானியக் கருவிகள் சிலவற்றில் இயற்கை ஈஸ்ட்டுக்கென ஏறத்தாழ 7 மணி நேர ஒழுங்கு சேர்க்கப்பட்டது. அத்தகைய வசதி இல்லாதோர் கருவியைப் பிசைவதற்கு மட்டும் பயன்படுத்தி, ரோஸ்மேரி போன்ற வாசனை இலைகளைப் பிசைதலின் இறுதியில் தூவி, இரவு முழுவதும் பொங்கவிட்டுக் காலையில் சுடுகின்றனர்.

தொழிலாளியை அகற்றவே இயந்திரம் வருகிறது என்று நம்பி வந்தவன் நான். ஒசாகாவின் கதை அதை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் முன் மாணவியாக நின்ற பின்னரே அந்த இயந்திரம் உருப்பெற்றது என்பதை அது பதிந்து வைத்திருக்கிறது. எங்கள் அச்சுக்கோப்பாளர்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.