கற்சிலைமடுக் கல்

ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீஸ்வரப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், அண்மையிலுள்ள கற்சிலைமடுவுக்கும் ஒருமுறை சென்று வருதல் நன்று. ஆண்டுதோறும் ஒக்டோபர் 31ஆந் திகதியை அண்டி அங்கே மக்கள் கூடிப் பண்டாரவன்னியனுக்கு மலர்மாலை சூட்டி அஞ்சலி செய்வர். அது மயானமன்று, அவனது சமாதியும் அங்கில்லை. ஆங்கிலேயர் நாட்டிய ஒரு கல்லே அவ்விடத்துக்குப் பெருமை தந்தது.

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்தல் பழந்தமிழர் வழக்கு. கல்லைக் காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதன் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். ஆனால் கற்சிலைமடுவிலே கல் நட்டவர் வீரனின் பகைவர். கப்டன் வொன் டிறிபேக் என்பவர் இவ்விடத்துக்கு அண்மையிற் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதும், 1803 ஒக்டோபர் 31 என்னும் திகதியுமே அதிலே ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டன. வென்றவன் தன் புகழுக்கு நாட்டிய கல்லைத் தோற்றவனின் மக்கள் தம் வணக்கத்துக்குரியதாக்கிக் கொண்டனர். இத்தகைய கதி வேறெந்த வெற்றிச் சின்னத்துக்கு நேர்ந்ததோ யான் அறியேன்.

அக்காலச் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். வன்னிமைகள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தும், சமயம் வாய்த்தபோது கொடாது மறுத்தும் வாழ்ந்தவை. 1795-96இல் ஒல்லாந்தர் கோட்டைகள் ஆங்கிலேயர் வசமாயின. 1803 யூன் மாதத்தில் கண்டியிலே மேஜர் டேவியின் படை அழிந்தது. ஆங்கிலேயர் தளர்ந்திருந்த அந்த வேளையிலேதான், ஓகஸ்ற் 25ஆந் திகதி, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அங்கிருந்த சிறுபடை கோட்டையைக் கைவிட்டுக் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. அப்படைக்குத் தலைவர் யார்? அதே டிறிபேக்தான்! இரண்டு மாதங்களின் பின் அவர் திரும்பி வந்து, கற்சிலைமடுவிலே வன்னியனின் பாசறையை எதிர்பாராத வேளையில் தாக்கினார். கல்லிலே ஓடிய கதை இல்லை. வென்ற கதை மட்டுமே உண்டு.

இனி, எமது பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். பண்டாரவன்னியனைக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்று நாடக மேடைகளிற் கேட்டு வளர்ந்தோம். முல்லைமணி அவர்களின் 'பண்டாரவன்னியன்' நாடகம் அவ்வீரனை வீடுதோறும் கொண்டு சென்றது. அதற்கு வன்னி மக்கள் நன்றியுடையர். ஆயினும், காக்கை வன்னியன் என்னும் பெயர் யாழ்ப்பாண வைபவமாலையிலும் வருகின்றது. அங்கே அவன் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன். இரு போர்களுக்கும் இடையே ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள். ஒருவனே இரு காலத்திலும் துரோகம் செய்திருக்க முடியாது. துரோகத்துக்கு ஒரு பெயர் வேண்டியபோது பழைய பெயரையே கதை எடுத்துக்கொண்டது போலும்.

அவன் இறந்த நாளும் இத்தகையதே. ஒக்டோபர் 31ஐ வீரமரண நாளென்று மேடைகளிற் பலர் பேசுகின்றனர். கல்லோ தோல்வியைக் கூறுகின்றதேயன்றி மரணத்தைக் கூறவில்லை. அவன் தப்பி மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1811 அளவிற் காலமானான் என்பாரும் உளர். வன்னியில் உத்தியோகம் பார்த்த ஜே. பி. லூயிஸ் துரை 1895இல் வெளியிட்ட வன்னி பற்றிய நூலை எமது இளைஞர் படித்தல் வேண்டும். அது ஆள வந்தவர் எழுதியதுதான். எனினும் படிக்காமலே மறுப்பது அறிவுடைமையாகாது.

'தோற்கடித்தார்' என்னும் சொல் எமக்கு அவமானமன்றோ, அதனை ஏன் வைத்திருத்தல் வேண்டும் என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. அச்சொல் அழியாது இருக்கட்டும் என்பதே எனது எண்ணம். அதன் அருகே, முல்லைத்தீவிலிருந்து டிறிபேக் புறப்பட்டு ஓடிய நாளையும் தமிழிலே பொறித்து வைத்தாற் போதும். ஓகஸ்ற் 25இல் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் விழா எடுப்போர், அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.