ஹவாய் குயில்ட்

ஹவாய் குயில்ட் என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் உருவான தையல் போர்வை ஆகும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கையால் தைக்கும் போர்வைக்குக் குயில்ட் என்று பெயர். பல நாடுகளில் இதன் மேல்துணி சிறு சிறு துண்டுத் துணிகளை இணைத்துச் செய்யப்படுகிறது. ஹவாயில் முறை வேறு. ஒரே நிறமுள்ள பெரிய துணியில் இலை, பூ, காய் ஆகியவற்றின் வடிவை முழுதாக வெட்டி, வேறு நிறத் துணியின் மேல் வைத்துத் தைக்கின்றனர். அயலாரிடம் கற்ற தையலைத் தீவு மக்கள் தம் மண்ணின் செடிகொடிகளைக் கொண்டு தமதாக்கிக் கொண்டனர். பின்பு அவர்கள் தம் அரசை இழந்தபோது, அதன் நினைவைக் காத்ததும் இதே தையல்தான்.

மரப்பட்டைத் துணி

நெய்த துணி வருவதற்கு முன்பு ஹவாய் மக்கள் 'கபா' எனப்படும் மரப்பட்டைத் துணியைப் பயன்படுத்தினர். முசுக்கொட்டைக்கு உறவான 'வாவுக்கே' என்னும் செடியின் உட்பட்டையை உரித்து, நீரில் ஊறவைத்து, மரக்கட்டையால் அடித்து அகலமாக்கினர். வடிவங்கள் செதுக்கிய மூங்கில் அச்சுகளைச் சாயத்தில் தோய்த்து அதன்மேல் பதித்தனர். படுக்கைக்கு உரிய கபா பல தாள்களை அடுக்கி ஓர் ஓரத்தில் தைக்கப்பட்டது. மேல்தாளில் மட்டும் அலங்காரம் இருந்தது. அடுக்குப் போர்வையும் அதன்மேல் வடிவம் அமைக்கும் கலையும் இவ்வாறு அவர்களுக்கு முன்பே பழக்கமானவை. புதிதாக வந்தவை ஊசியும் நூலும் நெய்த துணியுமே.

1820: கப்பல் தளத்தில் தையல்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 1819 அக்டோபரில் புறப்பட்ட தாடியஸ் என்னும் கப்பல், முதல் கிறித்தவ மிஷனரிக் குழுவை ஹவாய்க்குக் கொண்டுவந்தது. 1820 ஏப்ரல் 3 அன்று, அரசர் முதலாம் கமேஹமேஹாவின் கைம்பெண்களான கலாகுவா, நாமாஹானா ஆகியோர் உட்பட உயர்குலப் பெண்கள் நால்வர் அக்கப்பலில் இருந்தனர். கலாகுவா, வெள்ளைக்காரப் பெண்கள் உடுத்தியது போன்ற உடை ஒன்று தமக்கு வேண்டும் எனக் கேட்டார். தளத்தில் பாய் விரித்து அனைவரும் அமர்ந்தனர். மிஷனரிப் பெண்கள் உடைக்கான துணியை வெட்ட, ஹவாய்ப் பெண்களின் கையில் துண்டுத் துணிகளை இணைக்கும் வேலை கொடுக்கப்பட்டது. ஹவாயின் முதல் தையல் வகுப்பாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதனையே. மிஷனரிகளில் ஒருவரான லூசி தர்ஸ்டன் இதனை எழுதி வைத்துள்ளார்.

அடுத்த ஆண்டுகளில் மிஷன் பள்ளிகளில் தையல் ஒரு பாடமாயிற்று. ஆனால் துண்டுத் துணி முறை தீவில் ஆழமாக வேரூன்றவில்லை. நியூ இங்கிலாந்துக் குடும்பங்களில் உடை தைத்து மிஞ்சிய துண்டுகளைச் சேமிக்கும் சிக்கனத்திலிருந்து பிறந்த முறை அது. ஹவாய்ப் பெண்கள் அணிந்த தளர்ந்த நீள உடையில் துணி பெரும்பாலும் நீள்சதுரமாகவே வெட்டப்பட்டதால் மிச்சத் துண்டுகள் குறைவு. முழுத் துணியைத் துண்டாக்கி மீண்டும் ஒட்டுவது அவர்களுக்குப் பொருளற்ற வேலையாகத் தோன்றியது.

நிழலிலிருந்து வடிவம்

ஹவாய் முறை எப்படித் தோன்றியது என்பதற்கு மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. ஒரு பெண் வெள்ளைத் துணியைப் புல்லில் உலர்த்தினாள். அருகிலிருந்த லெஹுவா மரத்தின் நிழல் அதன்மேல் அழகாக விழுந்தது. அந்த நிழலையே வெட்டித் தைத்தாள் என்பது கதை. காகிதத்தை மடித்து வெட்டும் ஐரோப்பிய வழக்கம் மிஷனரிகள் வழியாக வந்து இதற்குத் துணை செய்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். தாகித்தித் தீவில் 'திஃபைஃபை' என்னும் இதே இனப் போர்வை இன்றும் உண்டு.

செய்முறை

சதுரத் துணியை இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்து, பின் மூலைவிட்டமாக ஒரு முறை மடித்தால் எட்டு மடிப்புகள் கிடைக்கும். அதன்மேல் வடிவத்தின் எட்டில் ஒரு பகுதியை மட்டும் வரைந்து வெட்டுகின்றனர். விரித்ததும் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் சமச்சீராகக் கிளைக்கும் ஒரே உருவம் தோன்றும். இதனை வேறு நிறத் துணியின் மேல் பரப்பி, நீண்ட தையலால் தற்காலிகமாக நிறுத்தி, விளிம்பை ஊசி முனையால் சிறிது சிறிதாக உள்ளே மடித்துத் தைப்பர்.

பின் பஞ்சும் அடித்துணியும் சேரும். பருத்தி, கம்பளி ஆகியவற்றுடன், மரப்பெரணியில் கிடைக்கும் 'புலு' என்னும் மென்மயிரும் முற்காலத்தில் நடுவில் வைக்கப்பட்டது. இறுதியாக, இலையின் ஓரத்தையே பின்பற்றி வரிசை வரிசையாக ஓடுதையல் இடுகின்றனர். கரையை நோக்கி வரும் அலைகளைப் போல அவ்வரிகள் வெளிநோக்கிப் பரவுகின்றன. படுக்கை அளவுப் போர்வை ஒன்றைக் கையால் முடிக்கப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும்.

தொடக்கத்தில் வெள்ளை மேல் சிவப்பு மிகுதியாக இருந்தது. பச்சை, நீலம், மஞ்சள் ஆகியவையும் வழங்கின. இன்றைய கலைஞர்கள் கையால் சாயமிட்ட துணிகளையும் பல நிறங்களையும் சேர்க்கின்றனர். கறிப்பலா, அன்னாசி, சேம்பு, அந்தூரியம் போன்றவை புகழ்பெற்ற வடிவங்கள். கற்கத் தொடங்குபவர் முதலில் கறிப்பலா வடிவத்தைத் தைத்தால் வாழ்வில் குறைவு வராது என்பது நம்பிக்கை. வடிவங்களுக்குப் பெயரும் உரிமையும் உண்டு. ஒருவர் அமைத்த வடிவத்தைக் கேளாமல் எடுப்பது இழிவாகக் கருதப்பட்டது.

அரசு வீழ்ந்த காலம்

1893 ஜனவரி 17 அன்று, அமெரிக்கச் சார்புடைய வணிகர் குழு அரசி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1895இல் அரசியின் ஆதரவாளர்கள் கிளர்ந்து தோல்வியுற்றதை அடுத்து, அவர் ஹொனலுலுவில் உள்ள தம் சொந்த இயோலானி அரண்மனையின் அறை ஒன்றிலேயே பல மாதங்கள் சிறைவைக்கப்பட்டார். அங்கே பட்டுத் துண்டுகளையும் நாடாக்களையும் கொண்டு ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார். தாம் சிறைப்பட்ட செய்தி அதில் பூத்தையலாக இடம்பெற்றுள்ளது. துண்டுத் துணி முறையில் அமைந்த அப்போர்வை இன்றும் அந்த அரண்மனையில் காட்சிக்கு உள்ளது.

1898 ஆகஸ்ட் 12 அன்று ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டு, அரசுக் கொடி இறக்கப்பட்டது. கம்பத்தில் பறக்க முடியாத கொடி போர்வையில் இடம்பெற்றது. நடுவில் அரசுச் சின்னமும் சுற்றிலும் நான்கு கொடிகளும் அமைந்த போர்வைகள் 'குவு ஹாயே அலோஹா', அதாவது 'என் அன்புக் கொடி' எனப்படுகின்றன. கொடிப் போர்வை முன்பே இருந்தாலும், இணைப்புக்குப் பின் அது வீட்டுக்குள் காக்கப்பட்ட நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று.

இன்றைய நிலை

1930இல் ஸ்டெல்லா ஜோன்ஸ் ஹவாய் குயில்ட் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கலைஞர் மெயாலியி கலாமாவின் தலைமையில், 1965இல் திறக்கப்பட்ட மௌனா கேயா கடற்கரை விடுதிக்கு 30 போர்வைகள் தைக்கப்பட்டன. 1985இல் அவருக்கு அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது வழங்கப்பட்டது. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் பழைய போர்வைகள் பாதுகாக்கப்படுகின்றன.

வெளிநாடுகளில் மலிவாகத் தயாராகும் பிரதிகள் இன்று சுற்றுலாக் கடைகளில் விற்கப்படுகின்றன. வடிவம் ஒன்றாக இருந்தாலும், அதற்குப் பெயரிட்டவர் யார், எந்தச் செடியைப் பார்த்து வெட்டினார், யாருக்காகத் தைத்தார் என்னும் செய்திகள் அவற்றில் இல்லை. இச்செய்திகளை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே ஊசி பிடிக்கக் கற்றுத் தரும் ஆசிரியர்களால்தான் ஹவாய் குயில்ட் உயிர்க்கலையாக நிலைத்து வருகிறது.