நடப்போர் காலையில் வருக!

"மாலை 6 முதல் 8 வரை ஓட்டப்பொறியில் ஓடுவோர்க்கு மட்டுமே இடம். நடப்போர் காலையில் வருக. ஷூ அணியாதோர் உள்ளே வரக்கூடாது. மகளிர் நேரம்: முற்பகல் 11 முதல் 1 வரை."

கடலூரில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தின் வாயிலிலே தொங்குகிறது இந்தப் பலகை. கூடத்தின் பெயர் வேண்டாம். நமது வழக்கு பலகையோடுதான், ஆளோடு அல்ல.

நாம் தனியே செல்லவில்லை. நண்பர் ஒருவரும் உடன் வந்திருந்தார். ஆலைத் தொழிலாளி, நாற்பதை எட்டவில்லை, அதற்குள் சர்க்கரை நோய் அவரை எட்டிவிட்டது. "நாள்தோறும் நட" என்றார் மருத்துவர். நடப்பதற்குச் சாலை உண்டு. ஆனால் அந்தச் சாலையிலே நடைபாதை இல்லை. மழைநாளில் சேறு, மற்ற நாளில் லாரி. ஆகவே பணம் கொடுத்தேனும் பத்திரமாக நடக்கலாம் என்று வந்தார், ரப்பர்ச் செருப்பு அணிந்த காலோடு.

பயிற்றுநர் ஏற இறங்கப் பார்த்தார். "நடக்கிறதெல்லாம் ஒரு பயிற்சியா சார்? ரோட்டிலேயே நடக்கலாமே. ஓடுறதா இருந்தா ஷூ போட்டுக்கிட்டு வாங்க. இல்லேன்னா நாளைக்குக் காலையிலே வரச்சொல்லுங்க."

நாளைக் காலையில் நண்பருக்கு ஆலையிலே வேலை. வெளியே வந்ததும் அவர் மெல்லச் சொன்னார்: "வாத்தியாரே, எங்க தாத்தா அந்தத் தெருவழியாப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையிலே எடுத்துக்குவாராம். போட்டுக்கிட்டா அடி. எனக்குப் போட்டுக்கிட்டு வந்தும் அடி!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீடு வந்து ஏடுகளைப் புரட்டினோம்.

உடற்பயிற்சிக்கூடத்தின் வாயிலிலே பலகை தொங்கவிடும் வழக்கம் நேற்று முளைத்ததல்ல. 'ஜிம்னேசியம்' என்ற சொல்லைத் தந்தவர்கள் கிரேக்கர்கள். அடிமைகள் அங்கே பயிற்சி செய்யக் கூடாதென்பது ஏதென்சில் சோலோன் வகுத்த சட்டமாகச் சொல்லப்பட்டது. மாசிடோனியாவைச் சேர்ந்த பெரோயா நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று, கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது, அந்நகரப் பயிற்சிக்கூடத்தின் சட்டத்தையே தாங்கி நிற்கிறது. யார் யார் உள்ளே வரக்கூடாதாம்? அடிமை வரக்கூடாது. விடுதலை பெற்ற அடிமையும் வரக்கூடாது. அவன் மகனும் வரக்கூடாது. குடிவெறியில் இருப்பவனும் பித்துப் பிடித்தவனும் வரக்கூடாது. போகட்டும், அதிலே பொருளுண்டு. ஆனால் அதே பட்டியலிலே, சந்தையில் தொழில் செய்து பிழைப்பவனும் வரக்கூடாது என்று செதுக்கி வைத்தார்களே, அதற்கு என்ன பொருள்? உழைத்துப் பிழைப்பவனும் குடிவெறியனும் அவர்கள் கண்ணுக்கு ஒரே தட்டில்! அறிவுக்குப் புகழ்பெற்ற கிரேக்கத்தின் பெருமையைப் பாடம் நடத்தும் நமக்கு, இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பெருமிதம் சற்றுச் சுருங்கத்தான் செய்தது.

கிரேக்கம் தொலைவு. இராமநாதபுரம் தொலைவா? 1930ஆம் ஆண்டு டிசம்பரில், அந்த மாவட்டத்தின் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆடவர் சட்டையோ பனியனோ அணியலாகாது, இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி இருக்கலாகாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கலாகாது, காலிலே செருப்புக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கலாகாது. ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தமது நூலிலே இதனைப் பதிந்து வைத்தார். அடுத்த ஆண்டு எட்டு பதினொன்றாயிற்று! நடப்பவனின் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விதி எழுதினார்கள். விதிக்குக் காரணம் எழுதினார்களா? இல்லை. அதற்குத் தேவையே எழவில்லை.

இராமநாதபுரத்தை விடுங்கள், நம் சிதம்பரத்துக்கு வாருங்கள். பெரியபுராணம் கூறும் நந்தனார் கதையை எல்லோரும் அறிவர். நெருப்பிலே மூழ்கி எழுந்த கட்டத்தைத்தான் ஊரெல்லாம் பேசும். அதற்கு முந்தைய கட்டத்தைப் பாருங்கள்: தில்லையின் எல்லை வரை வந்துவிட்டார், உள்ளே செல்ல முடியவில்லை, அந்த எல்லையையே இரவும் பகலும் சுற்றிச் சுற்றி நடந்தார். ஊருக்கு வெளியே நடக்க மட்டுந்தான் அந்தக் காலுக்கு உரிமை! 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் திருநாளைப்போவார் என்ற பெயர் வந்தது. கதையை நம்புகிறோமா என்று கேட்காதீர்கள். கதை எழுதிய காலத்தின் வழக்கம் அதிலே தெரிகிறது, அது போதும். 'நடப்போர் காலையில் வருக' என்ற பலகையின்முன் நண்பரும் ஒரு நாளைப்போவார் ஆகி நின்றாரே!

அந்தச் சிதம்பரத்திலேதான் 1916இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி கண்டார். அதற்கு நந்தனார் பெயரையே சூட்டினார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்திலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். என்ன கேட்டார்? பொன்னா, பொருளா? பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம் என்று அரசு அறிவிக்கவேண்டும் என்று கேட்டார். நடக்க உரிமை! தீர்மானம் நிறைவேறியது. 'நடப்பதெல்லாம் ஒரு பயிற்சியா' என்று கேட்கும் நண்பருக்கு, நடப்பதற்கே ஒரு சட்டமன்றம் கூடவேண்டியிருந்த நாட்டிலே தாம் நின்றுகொண்டு பேசுகிறோம் என்பது தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை. பாடநூலிலே அது எத்தனை வரி?

இனி அந்தப் பொறியின் பிறப்பைக் கேளுங்கள். 1818ஆம் ஆண்டு வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை அமைத்தார். படி ஏறுவதுபோல மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஏறி முடிக்க உச்சி கிடையாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் மிதித்தார்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் மிதித்தார். 1898இல்தான் இங்கிலாந்து அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. நம் நாட்டிலே, கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு அதற்கு உடன்பிறப்பு. அன்று தண்டனையாக மிதித்ததை இன்று மாதக் கட்டணம் கட்டி மிதிக்கிறோம். இது கேலிக்குச் சொன்னது. கட்டாயம் போய் விருப்பம் வந்தால் தண்டனையும் மருந்தாகும் என்பதை மறுக்கவில்லை.

மருந்தாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ். நோயாளியைப் பொறியில் ஏற்றி இதயத்தைச் சோதிக்கும் அவரது முறை இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு ஏற்றம். நடை, தோழர்களே, நடை! மூன்று மணித்துளிக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நடையிலே தொடங்கும் பொறிக்கு நடப்பவன் ஆகமாட்டானாம்!

நடை பெரிதா, ஓட்டம் பெரிதா என்ற வழக்குக்கு வருவோம். 1953இல் ஜெரி மோரிஸ் என்பார் இலண்டன் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்து வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநரைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் நாள் முழுதும் ஏறி இறங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவு. நடந்து கடிதம் கொடுக்கும் அஞ்சல்காரருக்கும், நாற்காலியில் இருக்கும் எழுத்தருக்கும் இடையிலும் அதே வேறுபாடு. இவர்களில் எவரும் ஓடவில்லை. மோரிஸ் அத்தோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு மதித்திருக்கமாட்டோம். பின்னர், சீருடையின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு தொடக்கத்திலேயே பருத்திருந்தது! தம் முடிவைத் தாமே உரசிப் பார்த்தார். அறிவியல் என்பது அதுதான்.

2013இல் அமெரிக்காவில், சுமார் 33 ஆயிரம் ஓடுவோரையும் 15 ஆயிரம் நடப்போரையும் ஆறாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியாயிற்று. செலவிடும் ஆற்றல் சமமாக இருந்தால், குருதி அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றைத் தடுப்பதில் நடை ஓட்டத்துக்குச் சளைத்ததன்று. ஆனால் அந்த ஆற்றலைச் செலவிட நடப்பவனுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் சொன்ன கணக்கும் அதுவே: வாரத்துக்கு மிதமான உழைப்பு 150 முதல் 300 மணித்துளி, அல்லது கடிய உழைப்பு 75 முதல் 150 மணித்துளி. ஓட்டத்தால் நேரம் மிச்சம். நடையிலே காயம் குறைவு. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று ஓதுகிறார்களே, அது ஆய்வில் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற அடிக்கணக்கிக் கருவியின் பெயர்! அதையும் வேதவாக்காக்கிவிட்டோம்.

எதிர்ப்பக்கத்து வேதமும் உண்டு. நம் மாவட்டத்து மருதூரிலே பிறந்த வள்ளலார், அன்றாட ஒழுக்கத்தைக் கூறுகையில், வேகமாக நடப்பதையும் ஓடி நடப்பதையும் விலக்கினார். பசித்தவனுக்குச் சோறிட்ட பெருந்தகைக்கு நம் வணக்கம் உண்டு. இந்த ஒரு விதிக்கு இல்லை. ஓடக்கூடியவன் ஓடட்டும். ஓடக்கூடியவள் ஓடட்டும் என்றும் சேர்த்தே சொல்லவேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். களைத்து விழுந்தார்கள் என்று ஏடுகள் கூச்சலிட்டன. 1960 வரை அந்தப் பந்தயமே அவர்களுக்கு இல்லை! ஓடி முடித்த ஆடவர் களைத்து விழுந்ததே இல்லையோ? 1967இல் பாஸ்டன் நெடுந்தொலைவு ஓட்டத்தில் கேத்ரின் சுவிட்சரை ஓடும்போதே பிடித்து இழுத்தார் ஓர் அதிகாரி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். அவர்களையெல்லாம் கட்டிப்போட்ட அதே கைதான், வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 'முற்பகல் 11 முதல் 1' என்று எழுதுகிறது.

பலகை முழுவதையும் நாம் பழிக்கவில்லை. நகரும் பட்டையிலே ரப்பர்ச் செருப்பு வழுக்கும். ஷூ வேண்டுமென்பது நியாயமே. அதை நண்பரிடம் சொன்னோம், ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்குவதாகக் கூறினார். மற்ற இரண்டு விதிகளுக்குக் காரணம் கேட்டு உரிமையாளருக்கு மடல் எழுதினோம். விடை இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் நம் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசினோம். மாலையிலே பூட்டிக் கிடக்கும் விளையாட்டுத் திடலை ஊராருக்குத் திறந்துவிட இசைந்தார். நண்பர் நடக்கிறார். அவருக்கு முன்னால், நம் மாணவியின் தாயார், நாள் முழுதும் தையற்பொறிமுன் குனிந்திருப்பவர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைவிட வேகமாக நடக்கிறார். வாயிலிலே ஒரு பலகை வேண்டும், விதிகளை எழுதிக் கொடுங்கள் என்றார் தலைமையாசிரியர். நெடுநேரம் எண்ணிப் பார்த்து, ஒரே வரி எழுதிக் கொடுத்தோம்: "இரவு 8 மணிக்கு வாயில் சாத்தப்படும், காவலருக்கும் வீடு உண்டு."