முட்டாள் நாற்றும் சிவப்புப் பாசியும்

மல்லிகைப்பூ வாசனை, நெற்பயிருக்கு வர்ற ஒரு நோய், சால்மன் மீனோட ஆரஞ்சு நிறம். இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, "மொக்கை போடாதேடா"ன்னுதான் சொல்வீங்க. ஆனா இருக்கு. நான் பொட்டி தட்டுற ஆசாமிதான். இருந்தாலும் இந்தக் கதையைப் படிச்சதுலேர்ந்து யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு கை அரிக்குது :-)

முதல்ல நெல்லு. ஜப்பான் வயல்களில் சில நாற்று மட்டும் வெளிறிப்போய், ஒல்லியா, மத்ததை விட உயரமா வளரும். கடைசியில் ஒழுங்கா மணி பிடிக்காது, இல்லைன்னா செத்தே போகும். அதுக்குப் பேர் 'பகானே', அதாவது முட்டாள் நாற்று. இது ஒரு பூஞ்சையோட வேலைன்னு 1898இல் ஷோதாரோ ஹோரி காட்டினார். 1926இல், அப்போ ஜப்பான் ஆட்சியில் இருந்த தைவானில், எய்இச்சி குரோசாவா ஒரு எளிய சோதனை செய்தார். பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தார். பூஞ்சையே இல்லை, அப்பவும் நாற்று நெடுநெடுன்னு வளர்ந்துச்சு! 1935இல் தெய்ஜிரோ யாபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரெல்லின்னு பேர் வச்சார். ஆரோக்கியமான செடிகளே இதைச் சுரக்கும்ங்கறது 1950களில் தெரிஞ்சது. நோய்னு தேடப்போய் ஹார்மோன் கிடைச்சது.

அடுத்து மல்லிகை. 1962இல் மல்லிகை எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரிச்சாங்க. அப்போ அது வெறும் வாசனைப் பொருள். 1990இல் ஃபார்மரும் ரயானும், காற்றில் கலந்த இந்த வாசனை பட்டாலே தக்காளி இலைகள் பூச்சியோட ஜீரணத்தைக் கெடுக்கும் புரதத்தைத் தயாரிக்குதுன்னு காட்டினாங்க. நாம முகர்ந்து ரசிக்கிற அதே பொருள், செடிக்கு ஆபத்து அலாரம்!

இப்ப பாசி. ஹீமடோகாக்கஸ் ஒரு பச்சை நுண்பாசி. தண்ணியில் சத்து குறைஞ்சு, வெயில் ஏறினா அஸ்டாக்சாந்தின்ங்கற சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கிட்டு தடிச்ச ஓட்டுக்குள்ள முடங்கிடும். சால்மனுக்கு நிறம் தர்றதும் இதே நிறமிதான். வளர்க்கறவங்களுக்கு இங்கதான் சிக்கல்: நிறம் வேணும்னா பாசியை வதைக்கணும், வதைச்சா வளராது. அதனால முதல்ல பச்சையா வளர்த்து, அப்புறம் வாட்டிச் சிவக்க வைக்கிறாங்க.

வதைக்கறதுக்குப் பதிலா ஹார்மோன் கொடுத்தா? 2010இல் வந்த சீன ஆய்வு ஒண்ணு அதைச் செஞ்சு பார்த்தது. ஜிப்ரெல்லினோ மெத்தில் ஜாஸ்மோனேட்டோ கொடுத்ததும் நிறமி கூடிச்சு. பீட்டா கரோட்டினை அஸ்டாக்சாந்தின் பக்கம் திருப்புற என்சைமுக்கான பிகேடி ஜீன்களோட செயல்பாடும் ஏறிச்சு.

எனக்குத் தூக்கம் கெட்டது இதுக்கு அப்புறம்தான். நெல்லில் ஜிப்ரெல்லினைப் பிடிக்கற ஏற்பிப் புரதம் பச்சைப் பாசிகளில் கிடையாது. ஜாஸ்மோனேட்டுக்கும் அதே கதை. போர்ட்டைத் திறந்து வைக்காத சர்வர், அனுப்பின மெசேஜுக்குப் பதில் சொல்ற மாதிரி! அப்போ பாசி இதை ஹார்மோனா 'கேக்குதா', இல்லை ஏதோ தொந்தரவுன்னு நினைச்சு சிவக்குதா? ரெண்டாவதுன்னா நாம வதைக்கறதை விடலை, சாட்டையை மாத்தியிருக்கோம், அவ்வளவுதான். ஜீன் ஏறினதை மட்டும் வச்சு இதுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

குரோசாவா பூஞ்சையை வடிகட்டி எடுத்துட்டு, மிச்சம் என்ன வேலை செய்யுதுன்னு பார்த்தார். பாசி விஷயத்திலும் அப்படி ஒரு வடிகட்டல்தான் வேணும்னு எனக்குத் தோணுது.